ஆண்ட்ரூ டானன்பாம்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் இயங்குதளப் பாடமும் (கணினியின் மற்ற எல்லா நிரல்களையும் ஓட்டும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம், ஆபரேட்டிங் சிஸ்டம்) நெட்வொர்க் பாடமும் எடுக்கிறேன். இரண்டிலும் ஒரே பெயர் வந்துகொண்டே இருக்கும். "டானன்பாம் புக்ல இருக்கு சார்" என்று சொல்லும் மாணவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு தடித்த புத்தகம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் 43 ஆண்டு ஒரே பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்த ஒரு வாத்தியார் இருக்கிறார் என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு கேள்விகள் வரும். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த டானன்பாம்?

ஆண்ட்ரூ எஸ். டானன்பாம். 1944 மார்ச் 16 அன்று நியூயார்க் நகரில் பிறந்தவர். 1965இல் எம்ஐடியில் இயற்பியல் பட்டம் பெற்றார் (குரோம்பேட்டை எம்ஐடி என்று நினைத்துவிடாதீர்கள், இது மாசசூசெட்ஸ்). 1971இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம். மனைவி டச்சுக்காரர் என்பதால் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஃப்ரைய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 'ஃப்ரைய' என்றால் டச்சு மொழியில் 'சுதந்திரமான' என்று பொருள். 2014இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

முனைவர் பட்டம் கணினி அறிவியலில்தானே?

இல்லை, சூரியனைப் பற்றி. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழுமாக அசைகிறது. அந்த அசைவையும் அதைச் சார்ந்த நிகழ்வுகளையும் ஆராய்ந்துதான் பட்டம் வாங்கினார். கணினி அறிவியல் துறைகள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. இயற்பியலிலும் கணிதத்திலும் இருந்து வந்தவர்கள்தான் பல இடங்களில் முதல் ஆசிரியர்கள்.

"நான் இசிஇ படிச்சுட்டு சிஸ்டம்ஸ் பக்கம் வரலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

யூனிக்ஸ் இருக்கும்போது மினிக்ஸ் என்று இன்னொன்றை ஏன் எழுதினார்?

வகுப்பில் காட்டுவதற்கு ஒரு இயங்குதளம் இல்லாமல் போனதால்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பிறந்த இயங்குதளமான யூனிக்ஸின் மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, 1970களில் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் நிரலை வரி வரியாக விளக்கி ஒரு உரையே எழுதினார். பழைய நூல்களுக்கு நம் உரையாசிரியர்கள் எழுதியதைப் போன்ற வேலை அது. உலகமெங்கும் ஆசிரியர்கள் அதை வைத்துப் பாடம் நடத்தினார்கள். யூனிக்ஸில் வியாபாரம் இருக்கிறது என்று நிறுவனத்துக்குப் புரிந்ததும், ஏழாம் பதிப்பின் உரிமத்தில் மூல நிரலை வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். லயன்ஸின் உரை அதன் பிறகு ஜெராக்ஸ் பிரதிகளாகக் கைமாறித்தான் உயிரோடு இருந்தது.

பல ஆசிரியர்கள் மூல நிரலைக் கைவிட்டு, கோட்பாட்டை மட்டும் நடத்த ஆரம்பித்தார்கள். ஷெட்யூலிங் அல்காரிதம், பேஜ் மாற்றும் அல்காரிதம், ஒரு கேன்ட் சார்ட், முடிந்தது பாடம். டானன்பாமுக்கு அது பொறுக்கவில்லை. கோட்பாட்டை மட்டும் படிக்கும் மாணவனுக்கு இயங்குதளத்தின் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித் தவறான மனப்படம் வந்துவிடும் என்பது அவர் கவலை. நிஜமான இயங்குதளத்தில் பெரும்பகுதி டிஸ்க்கோடும் விசைப்பலகையோடும் மல்லுக்கட்டும் வேலை. பாடத்திட்டத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு யூனிட்தான்.

ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் உள்ளே ஏடி அண்ட் டியின் ஒரு வரிகூட இல்லாத ஒரு இயங்குதளத்தைத் தானே எழுதினார். 1987இல் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: டிசைன் அண்ட் இம்ப்ளிமென்டேஷன்' என்ற புத்தகத்தோடு மினிக்ஸ் வெளிவந்தது. சுமார் 12,000 வரி நிரல், புத்தகத்தின் பின்பகுதியிலேயே அச்சாகியிருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லாத சாதாரண ஐபிஎம் பிசியிலும் ஃபிளாப்பி மட்டும் வைத்து ஓட்டலாம். மாணவர்களால் வாங்க முடிந்த இயந்திரம் அதுதான் என்பதால் அப்படி வடிவமைத்தார்.

மினிக்ஸ் ஏறக்குறையக் கைவிடப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நிரலில் பிழை தேடி (டீபக்) செய்து செய்து சலித்துப்போகும் ஒவ்வொரு மாணவனுக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மினிக்ஸை முதலில் பிசி மாதிரி நடிக்கும் ஒரு சிமுலேட்டரில் ஓட்டிச் சரிபார்த்தார். அங்கே ஒழுங்காக ஓடியது. நிஜக் கணினியில் ஏற்றினால் சிறிது நேரம் ஓடிவிட்டு, காரணமே தெரியாமல் விழுந்துவிடும். சிமுலேட்டரில் வராத பிழையைச் சிமுலேட்டரை வைத்துப் பிடிக்க முடியாது. நிஜக் கணினியிலோ, விழுந்த பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இந்த வேலையை விட்டுவிடலாம் என்ற நிலைக்கே வந்துவிட்டார்.

அப்போது ஒரு மாணவர், தான் காதில் கேட்ட ஒன்றைச் சொன்னார்: பிசியின் மூளையான 8088 சிப் சூடேறினால் 15ஆம் எண் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) வருமாம். சிப்பின் கையேட்டில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் 15ஆம் இன்டரப்ட் வந்தால் திரையில் ஒரு செய்தி காட்டும்படி டானன்பாம் சில வரிகள் சேர்த்தார். இது ஒருபோதும் அச்சாகப் போவதில்லை என்று நினைத்துத்தான் சேர்த்தார். செய்தி திரையில் வந்தது. அதுவரை அந்த இன்டரப்ட்டை வாங்கிக்கொள்ள நிரலில் ஆளே இல்லாததால்தான் எல்லாம் கவிழ்ந்துகொண்டிருந்தது.

கவனியுங்கள், அந்தத் தகவல் புத்தகத்திலிருந்து வரவில்லை, மாணவரிடமிருந்து வந்தது. பேராசிரியரும் "கையேட்டில் இல்லையே" என்று தள்ளாமல் சோதித்துப் பார்த்தார். என் லேபில் யாராவது "சார், அப்படிக் கேள்விப்பட்டேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், நான் இப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மினிக்ஸ் அவ்வளவு பிரபலமானதும் அதை ஏன் பெரிதாக்கவில்லை?

மினிக்ஸுக்கென்று யூஸ்நெட்டில் (அந்தக் கால இணைய விவாத மேடை) ஒரு நியூஸ்குரூப், அதாவது விவாதக் குழு, உருவாகி, சில மாதங்களிலேயே சுமார் 40,000 பேர் படிக்கும் இடமாக அது வளர்ந்தது. நாள்தோறும் திருத்தங்களும் கோரிக்கைகளும் வந்தன. விர்ச்சுவல் மெமரி வேண்டும், பெரிய பைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) வேண்டும், 386 சிப்பின் வசதிகளெல்லாம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. கேட்டவர்களில் பலர் நல்ல நிரலர்கள். டானன்பாம் பெரும்பாலானவற்றுக்கு மறுத்துவிட்டார்.

அவர் காரணம் ஒன்றே ஒன்று: ஒரு மாணவன் ஒரு செமஸ்டரில் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவில் அது இருக்க வேண்டும்.

இந்த மனிதரின் தொழில் வாழ்க்கை முழுவதையும் நான் இந்த ஒரு மறுப்பின் வழியாகத்தான் புரிந்துகொள்கிறேன். அவர் ஆராய்ச்சியும் போதனையும் இரண்டு தனி அலமாரிகளில் இருந்ததில்லை. வகுப்புக்காகச் சிறிதாக எழுதியதுதான் பின்னாளில் 'சிறிய கெர்னல் நம்பகமான கெர்னல்' (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) என்ற ஆராய்ச்சியாக வளர்ந்தது. சிறிதாக வைத்திருப்பது சுலபம் என்று நினைக்கிறோம். 40,000 பேர் சேர்க்கச் சொல்லும்போது சேர்க்காமல் இருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

அதே நேரம், உரிமம் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மினிக்ஸின் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் அதன் உரிமை பதிப்பகத்திடம் இருந்தது, எல்லோரும் தாராளமாகப் பகிர முடியாது. 2000இல்தான் பிஎஸ்டி உரிமத்தில் (யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்னும் தாராளமான உரிமம்) முழுமையாகத் திறந்துவிட்டார்கள். பத்து ஆண்டு முன்னால் அதைச் செய்திருந்தால் கணினி வரலாறு வேறு பாதையில் போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

லினக்ஸ் மினிக்ஸைப் பார்த்துக் காப்பி அடித்ததா?

இல்லை. வைவாவில்கூட இதைத் தவறாகச் சொல்கிறார்கள்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் டானன்பாமின் புத்தகத்தைப் படித்தார். 1991 தொடக்கத்தில் ஒரு 386 கணினி வாங்கி அதில் மினிக்ஸை ஏற்றினார். அதன் மேல் உட்கார்ந்துதான் லினக்ஸ் என்ற தன் இயங்குதளத்தை எழுதினார். 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் நியூஸ்குரூப்பில்தான் அதை அறிவித்தார். மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டிருந்தார். லினக்ஸின் முதல் பைல் சிஸ்டமும் மினிக்ஸின் அமைப்பையே பின்பற்றியது. கோப்பின் பெயருக்கு 14 எழுத்து, மொத்தக் கொள்ளளவு 64 எம்பி என்ற வரம்புகள் உட்பட. ஆனால் நிரல் அவருடைய சொந்த நிரல்.

2004இல் அமெரிக்காவின் ஓர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது என்று நிறுவ முயன்று, டானன்பாமைப் பேட்டி எடுக்க ஆம்ஸ்டர்டாமுக்கே வந்தார். டானன்பாம் நினைத்திருந்தால் ஒரு தலையசைப்பில் லினக்ஸின் பெயரைக் கெடுத்திருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பகிரங்கமாகச் சண்டை போட்ட ஆள் டோர்வால்ட்ஸ். டானன்பாமோ, லினஸ் தன் நிரலைத் தானே எழுதினார், இதில் திருட்டு எதுவும் இல்லை என்று தன் இணையதளத்தில் விரிவாக எழுதி வைத்தார். கருத்து மோதலை மனதில் வைத்துப் பழிதீர்க்காத அந்தக் குணத்துக்காக அவரை நான் மதிக்கிறேன்.

அந்த 1992 சண்டை என்ன? யார் ஜெயித்தார்கள்?

1992 ஜனவரி 29 அன்று, அதே நியூஸ்குரூப்பில், லினக்ஸ் காலாவதியானது என்ற தலைப்பில் டானன்பாம் எழுதினார். இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, லினக்ஸ் எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் அடைக்கும் பழைய பாணியில் இருக்கிறது. மற்றது, 386 சிப்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, வேறு இயந்திரத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் எழுதினார். மறுநாள், வார்த்தை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று மன்னிப்பும் கேட்டார். நீங்கள் என் மாணவராக இல்லாததற்கு நன்றி சொல்லுங்கள், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்ற பொருளில் டானன்பாம் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

ஜெயித்தது யார் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மாட்டேன். டானன்பாமின் ஆரூடங்களில் சில பலிக்கவில்லை. இன்னும் ஐந்தாண்டில் எல்லோரும் ஸ்பார்க் சிப் கொண்ட பணிநிலையத்தில் இலவச குனு இயங்குதளம் ஓட்டுவார்கள் என்றார், அது நடக்கவில்லை. ஒரு சிப்போடு பிணைந்தது என்று அவர் சொன்ன லினக்ஸ் இன்று கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன் முதல் சூப்பர்கம்ப்யூட்டர் வரை ஓடுகிறது.

ஆனால் வடிவமைப்பு வாதத்தில் அவர் சொன்ன மைக்ரோகெர்னலுக்கு (கெர்னலுக்குள் மிகக் கொஞ்சம் மட்டும் வைத்து, மீதியை வெளியே ஓட்டும் முறை) உயிர் போகவில்லை. கார்களில் ஓடும் க்யூஎன்எக்ஸ் ஒரு மைக்ரோகெர்னல். நிரல் தன் வரையறைப்படியே நடக்கிறது என்று கணித முறையில் 2009இல் நிறுவப்பட்ட எஸ்இஎல்4 ஒரு மைக்ரோகெர்னல். பல லட்சம் வரி கொண்ட நிரலை அப்படி நிறுவ யாருக்கும் தெம்பு இல்லை. சிறியதாக இருந்ததால்தான் முடிந்தது.

மைக்ரோகெர்னல் என்றால் என்ன சார், எளிமையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு கோப்பைப் படிக்கச் சொல்கிறீர்கள். லினக்ஸில் பைல் சிஸ்டம், டிஸ்க் டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் நிரல்) எல்லாம் கெர்னலுக்குள்ளேயே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை நேராகக் கூப்பிடும். வேகம் அதிகம். ஆனால் ஏதோ ஒரு கம்பெனியின் டிரைவரில் ஒரு தவறான பாயின்டர் (நினைவக முகவரி) இருந்தால், அது வீட்டின் எந்த அறையிலும் போய் எழுதிவிடலாம்.

மைக்ரோகெர்னலில் ஒவ்வொருவரும் தனிக்குடித்தனம். பைல் சிஸ்டம் ஒரு புராசஸ் (தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்), டிஸ்க் டிரைவர் இன்னொரு புராசஸ். உங்கள் கோரிக்கை ஒரு செய்தியாகப் பைல் சிஸ்டத்துக்குப் போகும். அது டிரைவருக்கு ஒரு செய்தி அனுப்பும். பதில் அதே வழியில் திரும்பும். கெர்னலின் முக்கிய வேலை செய்திகளைக் கைமாற்றுவது, சிபியு நேரத்தைப் பங்கிடுவது, இன்டரப்ட்டை உரியவரிடம் சேர்ப்பது. செய்தி போய் வரும் நேரம் கூடுதல் செலவுதான். அதற்கு ஈடாக, டிரைவர் செத்தால் டிரைவர் மட்டும் சாகும்.

2005இல் வந்த மினிக்ஸ் 3 இந்த இடத்தில்தான் அடுத்த படி ஏறியது. முந்தைய மினிக்ஸில் டிரைவர்கள் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தாலும் கெர்னலோடு சேர்ந்தே ஓடின. மினிக்ஸ் 3 அவற்றை முழுக்க வெளியே, சாதாரணப் புராசஸ்களாக வைத்தது. அவற்றைக் கண்காணிக்க ஒரு தனிப் புராசஸ் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'மறுபிறவி சர்வர்'. ஒரு டிரைவர் செத்துவிட்டாலோ, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டதற்குப் பதில் தராவிட்டாலோ, அதை நீக்கிவிட்டுப் புதிய பிரதி ஒன்றைத் தொடங்கிவிடும். பயனருக்கு ஒரு சிறு தடங்கல், அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் டிரைவரின் இயந்திர நிரலில் லட்சக்கணக்கான பிழைகளை வேண்டுமென்றே ஊசிபோடுவது போல ஏற்றிச் சோதித்தார்கள். டிரைவர் ஆயிரக்கணக்கான முறை செத்துப் பிறந்தது. இயங்குதளம் விழவில்லை. இந்த நம்பகத்தன்மை ஆராய்ச்சிக்குத்தான் 2008இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் அவருக்கு 25 லட்சம் யூரோ வழங்கியது. டிவி எப்படி ஆண்டுக்கணக்கில் ரீஸ்டார்ட் கேட்காமல் ஓடுகிறதோ அப்படிக் கணினியும் ஓட வேண்டும் என்பது அவர் பல உரைகளில் சொல்லிவந்த ஆசை.

மினிக்ஸ் தவிர வேறு என்ன ஆராய்ச்சி செய்தார்?

நிறைய. ஆம்ஸ்டர்டாம் கம்பைலர் கிட் என்று ஒரு கருவித் தொகுதி (நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர்): பல மொழிகளை ஒரு பொது இடைநிலை நிரலாக மாற்றி, அங்கிருந்து பல சிப்புகளுக்குக் கொண்டுபோவது. மினிக்ஸோடு வந்த கம்பைலரும் அதிலிருந்து பிறந்ததுதான்.

1980களின் பெரிய முயற்சி அமீபா. பல கணினிகளை இணைத்து, பயனருக்கு ஒரே கணினியாகக் காட்டும் பரவல் இயங்குதளம். உங்கள் மேசையில் இருப்பது திரை மட்டும்; கணக்குப் போடும் சிபியுக்கள் ஒரு பொதுக் குளமாக வேறோர் அறையில் இருக்கும்; தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். இன்று கிளவுட் என்று நாம் பாடம் நடத்தும்போது எனக்கு அமீபாவின் படம்தான் நினைவுக்கு வரும்.

அமீபாவைப் பற்றி மாணவர்களுக்குப் பிடித்த செய்தி வேறு. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் அமீபா குழுவில் வேலை பார்த்தவர் கீடோ வான் ரோசம். அமீபாவுக்கு நிர்வாகக் கருவிகள் எழுத சி மொழி இழுவையாக இருந்தது, ஷெல்லுக்கோ (கட்டளைகள் தட்டும் இடம்) அமீபாவின் அழைப்புகள் எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழி வேண்டும் என்று 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுத ஆரம்பித்தார். அதுதான் பைத்தான். முதலாமாண்டில் நீங்கள் எழுதும் மொழிக்கும் டானன்பாமின் திட்டத்துக்கும் இவ்வளவு கிட்டத்து உறவு.

பூனைக்கு கம்ப்யூட்டர் வைரஸ் வருமா என்று ஆய்வு எழுதியது இவரா?

ஆமாம், 2006இல், தன் மாணவர் மெலனி ரீபாக், சக ஆசிரியர் புரூனோ கிரிஸ்போ ஆகியோரோடு. வளர்ப்புப் பிராணிகளின் தோலுக்கடியில் வைக்கும் ஆர்எஃப்ஐடி வில்லையில் (ரேடியோ அலை மூலம் படிக்கும் அடையாளச் சில்லு) இருப்பது மிகக் கொஞ்சம் தரவு. அதை வாசிக்கும் மென்பொருள் அந்தத் தரவை நம்பி அப்படியே டேட்டாபேஸுக்குள் அனுப்பினால், வில்லையிலிருந்தே எஸ்க்யூஎல் ஊடுருவல் (தரவுக்குள் டேட்டாபேஸ் கட்டளையை ஒளித்து அனுப்பும் தாக்குதல்) நடத்த முடியும் என்று காட்டினார்கள். உள்ளே வரும் எந்தத் தரவையும் சோதிக்காமல் நம்பாதே என்ற பாடத்தை நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் புத்தகங்கள் மட்டும் ஏன் படிக்கும்படி இருக்கின்றன?

1976இல் வந்த 'ஸ்ட்ரக்சர்டு கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்', 1981இல் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்', 1992இல் 'மாடர்ன் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்' என்று பாடத்துறைக்கு ஒன்றாக எழுதினார். மலிவான இந்தியப் பதிப்புகள் வந்ததால் நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் எல்லாவற்றிலும் முனை மடங்கிய ஒரு பிரதியாவது இருக்கும்.

அவர் வாக்கியங்கள் ஆளைப் பார்த்துப் பேசுபவை. ஒன்றைச் சொன்னால் ஏன் அப்படிச் செய்தார்கள், வேறு மாதிரி செய்தால் என்ன ஆகும் என்று கூடவே கேட்பார். ஒரு வடிவமைப்பு மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதுவார். தேர்வுக்கான குறிப்புகளில் இந்த நேர்மை வராது.

நெட்வொர்க் புத்தகத்தில் ஒரு புகழ்பெற்ற இடம் இருக்கிறது. தரவு பதிந்த காந்த நாடாக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் பேண்ட்விட்த்தை (விநாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதை) குறைத்து மதிப்பிடாதே என்பது அதன் சாரம். என் வகுப்பில் இதை நம் ஊருக்கு மாற்றிப் போடுவேன். சென்னையில் ஒரு ஆம்னி வேனில் 10 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 100 ஏற்றுகிறோம். மொத்தம் 1,000 டெராபைட், அதாவது 8,000 டெராபிட். எட்டு மணி நேரத்தில் மதுரை. எட்டு மணி என்றால் 28,800 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 278 கிகாபிட்! வகுப்பு முழுக்கச் சத்தம் போடும். சத்தம் அடங்கியதும் கேட்பேன்: முதல் பிட் மதுரைக்கு எப்போது வந்து சேரும்? எட்டு மணி நேரம் கழித்து. பேண்ட்விட்த்துக்கும் லேட்டன்ஸிக்கும் (போய்ச் சேர ஆகும் தாமதம்) வித்தியாசம் என்ன என்று அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் குழம்பியதில்லை.

அவரிடம் படித்தவர்கள் யார்?

ஃபிரான்ஸ் காஷூக் அவரிடம் 1992இல் முனைவர் பட்டம் பெற்று, இன்று மாசசூசெட்ஸ் எம்ஐடியில் பேராசிரியர். ராபர்ட் வான் ரெனெஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில். ஹென்றி பால் அதே ஃப்ரைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பின்னர் அமேசானின் தொழில்நுட்பத் தலைவரான வெர்னர் வோகல்ஸ் தன் ஆய்வேட்டை 2003இல் அங்கேதான் சமர்ப்பித்தார்.

இதில் காஷூக்கைக் கொஞ்சம் தனியாகப் பாருங்கள். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை நவீன சி மொழியில் புதிதாக எழுதி, எக்ஸ்வி6 என்ற பாட இயங்குதளத்தை எம்ஐடியில் 2006இல் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதுவும் ஒரு செமஸ்டரில் படித்து முடிக்கக்கூடிய அளவு. ஐஐடி மெட்ராஸின் என்பிடெல் (இணையவழிப் பாடத் திட்டம்) பாடத்திலும் அதே எக்ஸ்வி6தான். குருவின் பிடிவாதம் சிஷ்யர் வழியாக, நம் பிள்ளைகளின் லேப்டாப் வரைக்கும் வந்திருக்கிறது.

இன்டெல் சிப்புக்குள் மினிக்ஸ் இருக்கிறதாமே?

2017இல் வெளியே தெரிந்தது. இன்டெல் சிப்செட்டுகளில் மேனேஜ்மென்ட் இன்ஜின் என்ற தனிச் சிறு கணினி ஒன்று உண்டு. அதன் ஒரு தலைமுறையில் ஓடுவது மினிக்ஸ் 3 என்று கண்டுபிடித்தார்கள். டானன்பாமுக்கே அப்போதுதான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அந்நிறுவனத்துப் பொறியாளர்கள் சந்தேகங்கள் கேட்டதும், சில மாற்றங்கள் வேண்டியதும், பிறகு பேச்சே இல்லாமல் போனதும் நினைவில் இருந்தது. திறந்த கடிதம் ஒன்று எழுதினார். பிஎஸ்டி உரிமப்படி சொல்ல வேண்டிய கடமை இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். ஒற்று வேலைக்கான இயந்திரம் என்று சந்தேகம் வந்திருந்தால் ஒத்துழைத்திருக்கவே மாட்டேன் என்றும் பின்னர் சேர்த்தார்.

விருதுகள்?

1994இல் கணினியாளர்களின் சங்கமான ஏசிஎம் அமைப்பின் சிறந்த கல்வியாளர் விருது, 2007இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇயின் கல்விப் பதக்கம். மினிக்ஸுக்காக 2023ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருது.

இன்றைக்கு மினிக்ஸைப் படிப்பதில் பயன் உண்டா? எங்கே தொடங்குவது?

தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டாம். 2014இல் வந்த 3.3க்குப் பிறகு நிலையான புதிய பதிப்பு வரவில்லை. படிப்பதற்கு இன்றும் நல்லது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், பூட் ஆகும் பகுதியிலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

செய்தி அனுப்பும் ஃபங்ஷனை மட்டும் முதலில் எடுங்கள். கெர்னலில் புராசஸ் கோப்பில், மினி சென்ட் என்ற பெயரில் இருக்கும். ஓரிரு பக்கம்தான். அனுப்புபவர் வருகிறார். பெறுபவர் ஏற்கெனவே இவருக்காகக் காத்திருந்தால், செய்தியை அவர் நினைவகத்தில் நகலெடுத்து, அவரை எழுப்பி விடுகிறது. காத்திருக்கவில்லையா? அனுப்புபவரைத் தூங்க வைத்து, பெறுபவரின் வாசலில் வரிசையில் நிறுத்துகிறது. இடையில் செய்தியைச் சேமித்து வைக்கும் பெட்டி என்று எதுவும் கிடையாது. இப்போது ஒரு தாளில் அ, ஆ என்று இரண்டு புராசஸ் வரையுங்கள். அ ஆவுக்கு அனுப்பட்டும். அதே சமயம் ஆ அவுக்கு அனுப்பட்டும். இரண்டும் தூங்கிவிடும், எழுப்ப யாரும் இல்லை. டெட்லாக் யூனிட்டில் நான்கு நிபந்தனைகளாக மனப்பாடம் செய்தீர்களே, அது இதுதான். இந்த நிலை வருகிறதா என்று அந்த ஃபங்ஷன் தூங்க வைப்பதற்கு முன்பே சோதிக்கிறது. அந்தச் சோதனை எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள், மீதியை லேபில் சேர்ந்து படிப்போம்.